களையும் பயிரும்

அறிவியல் பயின்று வெளியேறும் நம் மாணவர் சிலருக்கு இன்று முதலில் கிடைப்பது, தரவுகளைத் துப்புரவு செய்து பேணும் வேலை. "இதற்காகவா முதுகலை படித்தோம்?" என்று மனம் குமைவோரும் உண்டு. அவ்வேலை யாது என்று சிறிது காண்போம்.

பலர் பல இடங்களில் எழுதிய பட்டியல்களை ஒழுங்குபடுத்துதல், இருமுறை வந்த பதிவுகளை ஒன்றாக்குதல், பிழை களைதல், விடுபட்டதைக் குறித்தல் ஆகியவை இதில் அடங்கும். 03/04 என்பது மார்ச்சு 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? இங்குள்ள விண்ணப்பங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. நம்மவர் ஒருமுறை தந்தையின் பெயரை எழுதுகிறார். மறுமுறை தலைப்பெழுத்தை மட்டும் எழுதுகிறார். பட்டியலில் ஒருவரே இருவராகி விடுகிறார்.

சென்ற விடுமுறையில் நானும் இவ்வேலை செய்தேன். மழைக் கணக்கொன்றில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று அவற்றில் சுழியை இட்டு நிரப்பினேன். மேற்பார்வையாளர் ஒன்றே கேட்டார்: "அன்று மழை பெய்யவில்லையா, அல்லது அளப்பவர் வரவில்லையா?" எனக்கு விடை தெரியவில்லை. யாரும் அளக்காத நாட்களை மழையற்ற நாட்களாக்கி விட்டேன். மூலப்படி தனியே இருந்தமையால் பிழை திருந்திற்று.

பெரியோர்க்கும் இத்தகைய இடர் நேர்ந்ததுண்டு. 1985-இல் பார்மன், கார்டினர், சாங்க்லின் என்னும் பிரிட்டானிய ஆய்வாளர் மூவர், அண்டார்க்டிகாவின் மேல் இளவேனிற் காலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதை வெளியிட்டனர். அமெரிக்காவின் நிம்பசு-7 செயற்கைக்கோளும் அக்குறைவை அளந்தே இருந்தது. ஆயினும், 180 டாப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை ஐயத்திற்குரியவை எனக் கணிப்பொறி நிரல் குறித்து ஒதுக்கிற்று. நல்லகாலமாக அவை அழிக்கப்படவில்லை. அவற்றை மீண்டும் ஆராய்ந்து, 1986-இல் அக்குறைவு உண்மையே என்று உறுதி செய்தனர். களையென்று ஒதுக்கியது பயிராக இருந்தது!

ஆகவே, இவ்வேலைக்குச் செல்லும் நண்பர்கள் நான்கினை மனத்திற் கொள்ளுங்கள். மூலப்படியைத் தொடாதீர்கள், திருத்தங்களைப் படியெடுத்ததில் செய்யுங்கள். வெற்றிடத்தை வெற்றிடமாகவே குறியுங்கள். எதை மாற்றினாலும், ஏன் மாற்றினீர்கள் என்று நாளிட்டு எழுதி வையுங்கள். விந்தையான எண் ஒன்று எதிர்ப்பட்டால், அழிக்குமுன் அதை அளந்தவரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்பதற்குத்தான் நாம் கற்ற அறிவியல் வேண்டியிருக்கிறது.