கட்-ஆஃப் கணக்கு: ஒரு பாடவேளைப் பயிற்சி

கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று கேட்டால், என் மாணவர்கள் 600-க்கு ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஆனால் பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசை 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்தே அமைகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இதை ஒரு பாடவேளையில் நடத்துகிறேன்.

கணித மதிப்பெண் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் 50-க்குக் குறைக்கப்படும். கரும்பலகையில் இவ்வாறு எழுதுவேன்:

மாணவர் அ: கணிதம் 95, இயற்பியல் 90, வேதியியல் 85.
கட்-ஆஃப்: 95 + 45 + 42.5 = 182.5

மாணவர் ஆ: கணிதம் 85, இயற்பியல் 90, வேதியியல் 95.
கட்-ஆஃப்: 85 + 45 + 47.5 = 177.5

இருவரின் கூடுதலும் 270தான். கட்-ஆஃபில் மட்டும் 5 மதிப்பெண் வேறுபாடு ஏன்? விடையை மாணவர்களே கண்டறியட்டும். கணிதத்தின் 1 மதிப்பெண், மற்ற இரண்டில் 2 மதிப்பெண்ணுக்குச் சமம். கட்-ஆஃப் சமமானாலும் முதலில் கணித மதிப்பெண்ணே ஒப்பிடப்படும், அடுத்து இயற்பியல்.

பின்னர் ஒவ்வொருவரும் தம் காலாண்டு மதிப்பெண்ணுக்குக் கட்-ஆஃப் கணக்கிட்டு, எந்தப் பாடத்தில் எவ்வளவு உயர்த்த முடியும் என்று குறிப்பேட்டில் எழுதுவர். கணிதத்தில் பின்தங்கியவர் சோர்ந்துவிடக் கூடாது; மற்ற இரு பாடங்களும் சேர்ந்து 100 தருகின்றன என்பதை அவருக்குக் காட்ட வேண்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் அன்றே விளக்குங்கள். அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. செலவுக்கு அஞ்சி விண்ணப்பிக்கத் தயங்கும் பெற்றோருக்கு இச்செய்தி சென்று சேர வேண்டும்.