இழுத்துப் பார்த்தால் தெரியாது

கேள்வி: அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிப்புற டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவித் தரும் வேலை எடுத்துச் செய்கிறேன். வண்டியில் ஆசிட் கேன் கசிந்து இரண்டு சேஃப்டி பெல்ட்டுகள் நனைந்துவிட்டன. உடனே தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். லேசாக வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். பையன்கள் இரண்டு பேர் இழுத்துப் பார்த்தும் அறுந்துபோகவில்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: வேண்டாம். இரண்டையும் இன்றைக்கே கத்தரித்துப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு சாரம் ஏறிவிடுவார்கள்.

ஒரு ஆள் விழுந்து, கயிறு அவரைப் பிடித்து நிறுத்தும் நொடியில், ஷாக் அப்சார்பர் ஒழுங்காக வேலை செய்தாலே 6 கிலோநியூட்டன் வரை விசை வரலாம். ஏறக்குறைய 600 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். இரண்டு பேர் கையால் இழுத்தால் அதில் பாதிகூட வராது. பலத்தில் பெரும்பகுதியை இழந்த பெல்ட்டும் உங்கள் சோதனையில் தேறிவிடும்.

உங்கள் பெல்ட் நைலானாக இருக்கலாம். நைலான் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. ஆசிட் பட்டால் அதன் அமைடு இணைப்புகளில் நீர் புகுந்து சங்கிலியைத் துண்டாக்குகிறது. வெளியே பார்த்தால் நூல் அப்படியே இருப்பதாகத்தான் தெரியும். உங்கள் டைல்ஸ் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். அது ஆவியாகும், ஆவியும் தாக்கும். பேட்டரி ஆசிட் இன்னும் மோசம். அதில் இருப்பது சல்பூரிக் ஆசிட்; அது ஆவியாகாது. நீர் மட்டும் வற்ற, துணியில் தங்கியது செறிவாகிக்கொண்டே போகும். ஜெர்மன் மலையேற்றச் சங்கத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் பிட் ஷூபர்ட், கயிறு அறுந்த விபத்துகளை ஆராய்ந்தபோது, கூரிய பாறை விளிம்போடு சல்பூரிக் ஆசிட்டையும் காரணமாகக் கண்டார். ஆகவே இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அறையில் பெல்ட்டைத் தொங்கவிடாதீர்கள்.

லேபிளில் பாலியஸ்டர் என்று போட்டிருக்கலாம். அது ஆசிட்டை நைலானைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் காரத்தைத் தாங்காது. ஈர சிமென்ட் கடுங்காரம், பிஎச் 12-ஐத் தாண்டும். சிமென்ட் பால் ஒட்டினால் அன்றே கழுவ வேண்டும். எப்படியிருந்தாலும் உங்கள் இரண்டு பெல்ட்டுகள் பற்றிய என் முடிவு மாறாது. பட்டை பாலியஸ்டராக இருந்தாலும் லேன்யார்டு கயிறு நைலானாக இருக்கலாம். கொக்கியின் ஸ்பிரிங்கையும் ஆசிட் அரித்திருக்கலாம்.

இனி ஆசிட் கேனுக்கும் பெல்ட்டுக்கும் தனித்தனி வண்டி, முடியாவிட்டால் மூடி போட்ட தனிப் பெட்டி. அழுக்குப் போக மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும்; பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. நிழலில் உலர்த்துங்கள், வெயிலும் இழையைக் கெடுக்கும். பெயின்ட் தின்னரும் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்று. புது பெல்ட்டின் விலையைப் பையன்கள் கூலியில் பிடிக்காதீர்கள். பிடித்தால், அடுத்த முறை கேன் கசிந்ததை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். துடைத்துவிட்டு அதையே மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.