கூடி வாழும் மீன்கள்

கல்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் பல ஓடைகளாய் இறங்கி வந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிகளையும் குளங்களையும் நிறைக்கின்றது. மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகி ஆற்றின் குறுக்கே 46 அடி வரை நீர் தேக்கும் அணை ஒன்றும் உண்டு. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான இப்பகுதியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் செழிப்பதற்கு இந்நீர் பெருந்துணை புரிகின்றது. உழவுக்கென்று தேக்கிய நீர் வயலுக்குப் பாய்ந்து முடியும் வரையில் சில திங்கள் ஏரியிலும் குட்டையிலும் தங்கியிருக்கின்றது. அக்காலத்தில் அது மற்றொரு விளைவையும் தரவல்லது. அதுவே மீன்.

நீர் உள்ள இடமெல்லாம் மீன் தானே வந்து சேரும் என்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர். அது பொய்யன்று. மழைக்காலத்து வெள்ளத்தோடு விராலும் குறவையும் கெளுத்தியும் சிறு கெண்டையும் அயிரையும் குளத்திற்குள் புகுகின்றன. கோடையில் நீர் வற்றும்போது ஊரார் திரண்டு இறங்கிக் கூடையாலும் வலையாலும் அவற்றைப் பிடிப்பது கண்கொள்ளாக் காட்சியாகும். ஆயினும், தானே வந்த மீனைப் பிடிப்பது வேறு; விலை கொடுத்து வாங்கிய குஞ்சை வளர்த்து எடுப்பது வேறு. வளர்க்கத் தொடங்கியவுடன், எந்த மீனை எந்த மீனோடு விடுவது என்னும் கேள்வி எழுகின்றது.

அடிவாரத்து உழவர் ஒருவர் கடன் பெற்று, 1,000 கெண்டைக் குஞ்சுகளை வாங்கித் தம் குட்டையில் விட்டார் என்று கொள்வோம். நாள்தோறும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் இட்டு வந்தார். எட்டாம் திங்களில் வலை வீசினார். வலையில் வந்தவை சில பத்துக் கெண்டைகளும், முழங்கை நீளத்தில் கொழுத்த ஐந்தாறு விரால்களுமே. குஞ்சுகள் செத்து மிதந்ததை எவரும் கண்டிலர். ஆதலின், மீன் களவு போயிற்று என்று அவர் அண்டை நிலத்தாரை ஐயுற்றார். இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சு நின்றது. உண்மையில் திருடியவை அந்த விரால்களே. கோடையில் குட்டை வற்றியபோதும் அவை ஈரச் சேற்றில் பதுங்கிக் கிடந்தன. விராலுக்குக் காற்றையே நேராக உட்கொண்டு மூச்சுவிடும் ஆற்றல் உண்டு. புதுநீர் வந்தபின் அவை வெளிப்பட்டன. அவற்றின் வாய்க்கு முன்னே உழவர் தம் கடனையெல்லாம் குஞ்சுகளாக்கி இட்டுவிட்டார். விரால் சுவையிற் சிறந்த மீன், விலையும் மிகுந்தது. அதன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அது தனியே வளர்க்கத் தக்கது, அவ்வளவே.

ஒன்றையொன்று தின்னாமை மட்டும் போதுமா? போதாது. ஒரே உணவை விரும்பும் மீன்களை ஒருங்கே விட்டால் அனைத்தும் அரைவயிற்றோடு மெலியும். குளத்து நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையதன்று. மேற்பரப்பில் கதிரொளி படுவதால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய செடிகளும், அவற்றை உண்ணும் நுண்ணிய விலங்குகளும் பெருகுகின்றன. நடுநீரில் செடித் தண்டுகளையும் கற்களையும் பற்றிய பாசி வளர்கின்றது. அடியில் இலைதழைகள் மக்கிய வண்டல் படிகின்றது. இம்மூன்று நிலைகளுக்கும் உரிய மூன்று கெண்டைகள் நம் நாட்டில் உள்ளன. கட்லா, ரோகு, மிர்கால் என்பன அவை. கங்கைச் சமவெளி முதலிய வடநிலத்து ஆறுகளே இவற்றின் தாயகம்.

மாணவர்களே! சந்தையில் இம்மீன்களைக் காணும்போது வாயை உற்று நோக்குங்கள். தோப்பா மீன் என்றும் கூறப்படும் கட்லாவின் தலை பெரியது. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை உண்பது. ரோகுவின் உதடு தடித்து, ஓரம் நூல்நூலாய்ப் பிரிந்திருக்கும். பாசியைச் சுரண்டுவதற்கு அவ்வுதடு ஏற்றது. மிர்காலின் வாய் சற்றே கீழ்நோக்கியது. அது தரையில் மேய்வது. மூன்று வீட்டார் ஒரு மாளிகையின் மூன்று மாடிகளில் குடியிருப்பதைப் போல இவை ஒரு குளத்தில் வாழ்கின்றன. 100 குஞ்சுகள் விடுவதாயின் 40 கட்லா, 30 ரோகு, 30 மிர்கால் என்று விடுவது பெருவழக்கு.

இவற்றோடு அயல்நாட்டுக் கெண்டைகள் மூன்றையும் சேர்ப்பதுண்டு. 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை ஒன்று. 1959இல் கிழக்காசியாவிலிருந்து வந்த வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் ஏனைய இரண்டு. புல்கெண்டை நீர்ப்பூண்டுகளை ஓயாது மென்று தின்னும். அதன் சாணமே குளத்திற்கு உரமாகி மற்ற மீன்களின் உணவைப் பெருக்கும். வேறெம்மீனும் தீண்டாத பூண்டைத் தின்பதால் இதனோடு எவர்க்கும் பகையில்லை. மற்ற இரண்டும் அவ்வாறு அல்ல. வெள்ளிக்கெண்டை கட்லாவைப் போலவே மேற்பரப்பில் மேய்வது. சாதாக் கெண்டை மிர்காலைப் போலவே தரையில் மேய்வது. ஆறினத்தையும் விடுவோர் இவற்றின் எண்ணிக்கைக்கேற்ப அவற்றைக் குறைத்தல் வேண்டும். அன்றியும் சாதாக் கெண்டை இரை தேடிக் கரையைக் குடையும் இயல்புடையது. மண்கரையுள்ள சிறு குட்டைக்கு அதனை மிகுதியாக விடாமை நன்று என்பது என் கருத்து.

முற்காலத்தில் இவ்வாறு எண்ணித் தேர்ந்து விடுதல் எளிதன்று. இப்பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் இனம் பெருக்குவதில்லை. வெள்ளம் புரளும் ஆற்றிலேயே முட்டையிடுகின்றன. ஆகவே குஞ்சுகளை ஆற்றில் வாரி எடுத்து வந்தனர். வாரியதில் கெண்டைக் குஞ்சும், கெண்டையைத் தின்னும் மீனின் குஞ்சும் கலந்தே வந்தன. 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், ஒடிசாவில் உள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அதன்பின் கலப்பற்ற குஞ்சுகளைப் பண்ணையிலேயே பெற வழி பிறந்தது. அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

கெடுதல் செய்யும் மீன் எல்லாம் பிற மீனைத் தின்பதென்று கருதற்க. 1952இல் நம் நாட்டிற்கு வந்த திலாப்பியாவை நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என்பர். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும். சில திங்களிலேயே குஞ்சும் தாயாகிவிடும். ஆதலின் குளம் முழுதும் கையகல மீன்களே நிறைந்து, பிறவற்றின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ இதனினும் கொடியது. விரைவில் பருக்கும் அம்மீன் கிடைத்ததையெல்லாம் விழுங்கும். வெள்ளத்தில் தப்பி ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றால் நாட்டு மீன்களை அழிக்கும். அதனை வளர்ப்பதற்கு அரசு தடை விதித்துள்ளது. ஒருவர் குட்டையில் விட்ட மீன் ஊர் ஏரிக்கும் உரியதாகிவிடுகிறது அன்றோ?

நகரங்களில் சிலர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளப்பாறை மீன்களை வளர்க்கின்றனர். அங்கும் இதே கணக்குத்தான். மன்னார் வளைகுடாவில் காணப்படும் கோமாளி மீன், கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்கிடையே அச்சமின்றி வாழும். அவ்விரண்டும் நல்ல அயலார். அழகிற்காக வண்ணத்துப்பூச்சி மீனை விட்டாலோ, அவ்வினத்தில் பல பவள உயிர்களையே கொறித்துத் தின்றுவிடும். சிங்கமீன் தன் வாயில் அடங்கும் மீனை விட்டு வைக்காது. இடத்திற்காகச் சண்டையிடும் மீனை இறுதியில் விடுதல் வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன்னதாக்கிக்கொண்டு பின்வருவனவற்றைத் துரத்தும். கடலிலிருந்து உயிர்ப் பவளத்தைப் பெயர்த்தெடுப்பது நம் நாட்டில் குற்றம் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

மீண்டும் நம் உழவரின் குட்டைக்கு வருவோம். அடுத்த ஆண்டு அவர் செய்யவேண்டுவது யாது? கோடையில் குட்டையை வற்ற வைத்துச் சேறு வெடிக்குமளவு காயவிடல் வேண்டும். வற்ற வைக்க இயலாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு உதவும். ஓர் எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 2,500 கிலோ இட்டால் அதன் நஞ்சு அங்குள்ள மீன்களைக் கொல்லும். மூன்று வாரத்தில் நஞ்சு நீங்கிப் புண்ணாக்கு உரமாகிவிடும். நீர் வரும் வாய்க்காலில் நெருங்கிய கண்ணுடைய வலையைக் கட்டவேண்டும். குஞ்சுகள் விரல் நீளமேனும் இருத்தல் நலம். அவை வந்த பையை உடனே அவிழ்த்துக் கொட்டலாகாது. பையைக் குட்டை நீரிலேயே சிறிது நேரம் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாக உள்ளே சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும்படி விடல் வேண்டும். மூடுபனியும் மேகமும் கூடிய விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து நின்றால், நீரில் உயிர்வளி குறைந்ததென்று அறிந்து புதுநீர் பாய்ச்சவேண்டும். அன்று இரை இடலாகாது.

எட்டாம் திங்களில் வலை வீசும்போது, முதலில் பருத்தவற்றை மட்டும் எடுப்பர். பெரும்பாலும் கட்லாவே முந்திப் பருக்கும். நீர் இன்னும் சில திங்கள் நிற்குமாயின், எடுத்த எண்ணிக்கைக்கு ஈடாக அதே இனத்துக் குஞ்சுகளை அம்மேல்மாடிக்கே திரும்ப விடுவர்.