நேதாஜி படைக்குப் போனவர்கள் எங்கே திரும்பினார்கள்?

வடக்கே யோங் பெங், மேற்கே பத்து பஹாட், கிழக்கே குளுவாங், தெற்கே ஜொகூர் பாரு. நான்கு திசைச் சாலைகளும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஆயர் ஈத்தாமில் வந்து கூடுகின்றன. நெடுஞ்சாலை வருவதற்கு முன், சிங்கப்பூருக்கு இறங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சந்தியைத் தொட்டுத்தான் போகும். 1942 ஜனவரி 25 அன்று, ஜப்பானியருக்கு முன் பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள் இந்த ஊரைக் கைவிட்டுத் தெற்கே நகர்ந்தன. மூன்றரை ஆண்டுக்குப் பிறகு, 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், ஜப்பான் சரணடையப்போகிறது என்ற செய்தி சிரம்பானில் தங்கியிருந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸுக்கு எட்டியது. உடனே அவர் காரில் சிங்கப்பூருக்கு இறங்கினார். அங்கே கையில் இருந்த சில நாட்களில் அவர் தீர்த்துவைத்த காரியங்களில் ஒன்று, முகாமில் இருந்த, அவருடைய பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைப் பெண்களைச் செலவுக்குப் பணம் கொடுத்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது. ஆகஸ்ட் 14 அன்று மாலை அந்தப் பெண்கள் ஜான்சி ராணியின் கதையை நாடகமாக நடித்தார்கள். அவரும் போய்ப் பார்த்தார். 16ஆம் தேதி விமானம் ஏறிவிட்டார்.

நம்மவர்கள் நேதாஜி கதையை ஆகஸ்ட் 18, தைப்பே விமான விபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது விபத்தா, இல்லையா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அவர் அழைத்ததும் கிளம்பிப்போன தோட்டத்துக் குடும்பங்கள் எப்படித் திரும்பின, எங்கே திரும்பின என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. கேட்காமலே விட்டதால் அந்த இடத்தில் சில தவறான நம்பிக்கைகள் குடியேறிவிட்டன.

“ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) என்றால் பிடிபட்ட பட்டாளத்துக்காரர்கள். அவர்களுடைய வீடு பஞ்சாபில்.”

பாதிதான் சரி. 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய 45,000 பேர். பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரியாக இருந்த மோகன் சிங் அமைத்த முதல் படை அவர்களிலிருந்து பிறந்தது; அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலைந்தும் போனது. போஸ் 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்த பிறகு எழுந்த படையின் முகம் வேறு. ஆயிரக்கணக்கில் பொதுமக்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்: பால் மரம் சீவியவர்கள், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், கடைச் சிப்பந்திகள், கிராணி வீட்டுப் பிள்ளைகள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்.

1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். சிறுவர் சிறுமியருக்குப் பாலர் சேனை இருந்தது. கணவன் ஐ.என்.ஏ.வில், மனைவி ராணிப் படையில், பிள்ளைகள் பாலர் சேனையில் என்று முழுக் குடும்பமாகப் போனவர்கள் உண்டு. அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள். ஈப்போவைச் சேர்ந்த ராசம்மாவும் அவர் சகோதரி பொன்னம்மாவும் அப்படிப் போனவர்கள்தான். இவர்களில் பெரும்பாலோர் மலாயாவில் பிறந்தவர்கள். இந்திய மண்ணை மிதித்ததில்லை. டில்லிக்கு நடப்போம் என்று முழங்கிய இந்தப் பெண்களுக்கு, வீடு என்றால் ஜொகூரிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஒரு வரிசை வீடு.

எல்லோரும் தேசபக்தியால் மட்டும் சேர்ந்தார்கள் என்றும் சொல்லக்கூடாது. 1942, 43இல் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஆசைகாட்டியும் பிடித்துக்கொண்டும் சயாம்–பர்மா ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து தப்பவும், அரிசிச் சோறு கிடைக்கும் என்றும் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரத் தேவையில்லை. உயிர் பிழைக்கப் போனவனும் பர்மா வரை நடந்தான். அவன் பட்ட பாடு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

“ராணிகள் இம்பாலில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டார்கள்.”

மேடையில் இப்படிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. நடந்தது இதுவல்ல. அவர்கள் 1944இல் பர்மா போனார்கள், போர்ப்பயிற்சி பெற்றார்கள், மேமியோவில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். இம்பால் படையெடுப்பு தோற்றதால் போர்முனைக்குப் போகும் வாய்ப்பே வரவில்லை. உயிரோடு இருந்த ராணிகளைத் தேடித்தேடிப் பேசி ‘விமென் அட் வார்’ நூலை எழுதிய வேரா ஹில்டெப்ராண்ட் இதைத்தான் சொல்கிறார். ஆயிரம் பேர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கையும் மிகை என்பது அவர் முடிவு.

போரிடவில்லை என்பதால் அந்தப் பெண்களின் துணிவு சிறுத்துவிடவில்லை. அதன் சோதனை திரும்பும் வழியில் வந்தது. 1945 ஏப்ரல் 24 இரவு, பிரிட்டிஷ் படை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ராணிகளைக் கூட்டிக்கொண்டு போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். அவர்கள் புறப்பட வழி செய்யாமல் தான் நகரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பகலில் விமானங்கள் சுடும். அதனால் இரவில்தான் பயணம். லாரிகள் சேற்றில் சிக்கின, ஆற்றங்கரையில் நின்றன. மீதி வழியை நடந்தார்கள், அவரும் நடந்தார். சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மீனை அடைந்து, அங்கிருந்து பாங்காக். இருபது வயதான ஜானகி தேவர் (பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன்) அந்தப் பின்வாங்கலில் பெண்களை வழிநடத்தியவர்களில் ஒருவர். ரயிலில் அனுப்பப்பட்ட ஒரு குழுவைப் பர்மியக் கெரில்லாக்கள் தாக்கியபோது இரண்டு ராணிகள் உயிரிழந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் செத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மௌல்மீன் பக்கமிருந்து சயாமுக்கு வர இருந்த ரயில், அந்தச் சயாம்–பர்மா மரண ரயில்தான். 415 கிலோமீட்டர் பாதை. அதைப் போட்டதில் வெள்ளைக்காரக் கைதிகள் செத்த கதையை உலகம் சினிமாவாகப் பார்த்தது. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அவர்களில் பெரிய கூட்டம். காலராவிலும் பசியிலும் போனார்கள், கல்லறை இல்லாமல் போனார்கள். போகும்போதும் வரும்போதும் ஐ.என்.ஏ. படையினர் தங்கள் தோட்டத்து உறவுகளின் உடல்கள் மேல் போட்ட தண்டவாளத்தில்தான் பயணம் செய்தார்கள். நேதாஜி படையை ஒரு நாளும், மரண ரயிலை வேறொரு நாளும் நினைவுகூர்வது நம் வழக்கமாகிவிட்டது. அந்தக் குடும்பங்களில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தவை: மகன் படையில், தகப்பன் சயாமில்.

“திரும்பியவர்களை எல்லாம் வெள்ளைக்காரன் செங்கோட்டையில் நிறுத்தினான்.”

டில்லி செங்கோட்டையில் 1945 நவம்பரில் முதலில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்கள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். மூவரும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகளாக இருந்தவர்கள். முன்னாள் சிப்பாய்களைத்தான் விசாரித்து, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். மலாயாவில் சேர்ந்த பொதுமக்களைப் பெரும்பாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தலைவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். லட்சுமியைப் பர்மாவில் பிடித்து வைத்திருந்து, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஜான் திவி சிங்கப்பூரில் சிறையில் இருந்தார். வெளியே வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த மலாயா இந்தியக் காங்கிரஸுக்கு முதல் தலைவரானார். ஜானகியும் அந்தக் கட்சி உருவானபோது முன்னின்றவர்.

“வீடு வந்து சேர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆனது.”

எல்லாவற்றிலும் தவறான நம்பிக்கை இதுதான்.

முதலில் பணம். படையிலிருந்து கலைந்தவர்கள் கையில் இருந்தது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அது செல்லாது என்று அறிவித்தார்கள். சேமிப்பு, முகாமில் கொடுத்த செலவுப் பணம், நகையை விற்று வைத்திருந்தது, எல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. 1943, 44இல் போஸின் கூட்டங்களில் தாலியையும் வளையலையும் கழற்றிக் கொடுத்த பெண்களுக்கு இப்போது மரவள்ளிக்கிழங்கு வாங்கவும் காசில்லை.

அடுத்தது ஊர். ஆயர் ஈத்தாம் இருக்கும் பத்து பஹாட் மாவட்டமும், பக்கத்து மூவாரும் 1945 மே மாதத்திலிருந்து பற்றி எரிந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் சீனரான ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்கள் ஒரு பக்கம், மலாய்த் தலைவர் கியாய் சாலே திரட்டிய சபிலில்லா ஆட்கள் மறுபக்கம். கிராமம் கிராமமாகச் சீனரும் மலாய்க்காரரும் வெட்டிக்கொண்டார்கள். ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷார் வந்து சேரும்வரை, பல ஊர்களில் கெரில்லாக்கள் வைத்ததுதான் சட்டம். ஜப்பானியரோடு சேர்ந்தவர்கள் என்று விரல் நீட்டப்பட்டால் அது உயிருக்கே ஆபத்து. இந்த நேரத்தில் ஐ.என்.ஏ. காக்கிச் சட்டையோடு ஜொகூர்ச் சாலையில் நடப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வீடு. சயாமுக்குப் போன ஆள் வந்தானா என்று ஒவ்வொரு வரிசை வீட்டிலும் விசாரிப்பு. வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். வராதவர்களுக்காக எத்தனை நாள் காத்திருப்பது, தாலியை எப்போது கழற்றுவது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாகத் தோட்டம். துரைமார் திரும்பிவந்தார்கள், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி பழையபடி அடித்தது. கங்காணி பழையபடி கூப்பிட்டான். ஆனால் பெரட்டுக் களத்தில் நின்றவன் மாறியிருந்தான். அவன் அணிவகுப்பில் நின்றவன். வங்காளியோடும் பஞ்சாபியோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகியவன். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற பழைய முறை அவனுக்கு ஒத்துவரவில்லை. 1946, 47இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தபோதும், பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் வெடித்தபோதும், அந்த வரிசை ஒழுங்கு எங்கே கற்றது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதியும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர்தான். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில், துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று அவரைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசு தலையிட்டும் பலனில்லை. 1945இல் விட்டுவிட்டவர்களில் ஒருவர் நான்கே ஆண்டில் இப்படி முடிந்தார்.

பெண்களின் வழி இன்னும் அமைதியாக நடந்ததால், அதை நாம் கவனிக்கவே இல்லை. காற்சட்டை போட்டுத் துப்பாக்கி பிடித்த பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள் என்ற பேச்சு அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் இல்லாமல் இருந்திருக்காது. படித்த வீட்டுப் பெண்களுக்குத் திரும்பிச் செல்லப் பள்ளிக்கூடம் இருந்தது. ராசம்மா படித்து ஆசிரியரானார், ராசம்மா பூபாலன் ஆனார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்து, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடி வென்றார். ஜானகி ஆதி நாகப்பன் நாடாளுமன்ற மேலவை வரை போனார். 2000இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. தோட்டத்திலிருந்து போன பெண்கள் மறுபடி கத்தியும் வாளியும் எடுத்து மரம் சீவப் போனார்கள். அவர்களில் மிகப் பலருடைய பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

“எப்படியோ, சுதந்திர இந்தியா அவர்களைத் தாங்கிக்கொண்டது.”

1947க்குப் பிறகு ஐ.என்.ஏ.வினரை இந்திய ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசு ஓய்வூதியம் 1972இல்தான் வந்தது. இந்தியாவில் இருந்தவர்களின் நிலை இது. இங்கே, மலாயாவுக்குத் திரும்பியவர்களுக்கு இருந்த கவலை ஓய்வூதியமல்ல, குடியுரிமை. 1948 மலாயாக் கூட்டாட்சி ஒப்பந்தத்தின் விதிகள் கடுமையானவை. பிறந்ததற்கும் குடியிருந்ததற்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? படித்தவர்கள் மனுப் போட்டுப் பெற்றார்கள். மற்றவர்கள் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டார்கள், ஏனென்றால் இதுதானே ஊர், யார் போகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று 1968இல் வேலை அனுமதிச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் அடுத்த சில ஆண்டுகளில் பெட்டி படுக்கையோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். அவர்களோடு போன, இங்கே பிறந்த பிள்ளைகள் இந்தியாவைப் பார்த்தது அப்போதுதான் முதல்முறை.