சின்னப் பள்ளிக்கூடம் என்றால் மட்டமா?

ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையைத் தாண்டிப் போனால், பல கிராமங்களின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை சரிந்துகொண்டே வருகிறது. 2024–25 கணக்கின்படி ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் நாட்டில் 7,993. தெலங்கானாவில் மட்டும் 2,245. இதைப் பார்த்துப் பலரும் அவசரமாகச் சில முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: பிள்ளைகள் குறைந்தால், பாடம் சரியில்லை என்று அர்த்தம்.

உண்மை: பல பிள்ளைகள் அந்தப் பள்ளியின் படியையே மிதித்ததில்லை. அரசுத் தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தனியார் பள்ளி வேனோ மூன்று வயதிலேயே நர்சரிக்கு அழைத்துப்போக வாசலில் வந்து நிற்கிறது. அங்கே போன பிள்ளை பிறகு எளிதில் திரும்புவதில்லை. ஆங்கில வழி மோகம், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது, குறைந்துவரும் பிறப்பு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

நம்பிக்கை: தனியார் பள்ளிக்கு மாற்றினால் மதிப்பெண் தானாக ஏறும்.

உண்மை: ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2008 முதல் 180 கிராமங்களில் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் இதைச் சோதித்தார்கள். குலுக்கலில் வென்ற பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்தும், குலுக்கலில் தோற்றவர்களைவிட அவர்கள் தெலுங்கிலோ கணக்கிலோ முந்தவில்லை. இந்தியில் மட்டும் முந்தினார்கள். தனியார் பள்ளிகள் இதே விளைவைக் குறைந்த செலவில் தந்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

நம்பிக்கை: பல வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்தால் படிப்பு ஏறாது.

உண்மை: கற்பிக்கும் முறையைப் பொறுத்தது அது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள், பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தன. சுவரில் ஏணிபோல ஒரு படம். பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்து உட்காரும். கழித்தலில் தடுமாறினால் அந்தப் படியிலிருந்தே தொடரும். இந்த முறைதான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007இல் தமிழகமெங்கும் செயல்வழிக் கற்றலாகப் பரவியது.

நம்பிக்கை: ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறையில்லை.

உண்மை: ஹைதராபாத்தை ஒட்டிய ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் சாந்தா சின்ஹாவின் எம்.வி. பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இதைப் பொய்யாக்கியது. வயல்களில் கொத்தடிமையாகவும் கூலிக்காகவும் உழைத்த பிள்ளைகளை முகாம்களில் தங்கவைத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். வழி காட்டியபோது பெற்றோரும் கூடவே நின்றார்கள். 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அவர் கூட்டத்துக்குப் போனால் அன்று பாடம் நின்றுவிடும். எண்ணிக்கை குறைந்தது என்று ஆசிரியரையும் குறைத்தால், மிச்சமிருக்கும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். எனவே பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது ஆசிரியரைத்தான்.