பாலில் உள்ள நானோ துகள்கள்

'நானோ துகள்' என்றதும் அங்கத்தினர் சிலர் அஞ்சுகின்றனர். நாம் நாள்தோறும் அருந்தும் பாலிலேயே அவை இயற்கையாய் அமைந்துள்ளன. ஒரு மீட்டரை 100 கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் சராசரி 150 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாய்த் திரண்டு மிதக்கிறது. பஞ்சிழையின் தடிப்பில் இது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அதனுள்ளே மேலும் சிறிய கால்சியம் பாஸ்பேட் திரள்கள் உள்ளன. உறையிட்டால் இவ்வுருண்டைகளே ஒன்றோடொன்று இணைந்து தயிராகின்றன. பால் ஒவ்வாதார் நீங்கலாக, மற்றவர் வயிற்றில் இவை செரித்துப் புரதமும் சுண்ணாம்புச் சத்துமாய் உடலில் சேர்கின்றன.

வெண்மைக்கெனத் தின்பண்டங்களிற் சேர்க்கப்பட்டுவந்த டைட்டானியம் டை ஆக்சைடிலும் நானோ துகள்கள் உண்டு, அவை செரிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதனை உணவில் தடை செய்தது. ஆகவே, துகள் எப்பொருளால் ஆயது, உடலில் செரிக்குமா என்று வினவி அறிதல் நம் கடமையாம்.