நிலத்தை ஸ்கான் பண்ணினால் எல்லாம் தெரியுமா?

யாழ்ப்பாணம் செம்மணி, சிந்துபாத்தி மயானத்தில் 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் மனிதப் புதைகுழிகளைத் தேடி, தரையை ஊடுருவும் ராடாரால் ஸ்கான் செய்தார்கள். அன்று முதல் கருவியின் பெயர் பலர் வாயிலும் அடிபடுகிறது, கூடவே சில தப்பெண்ணங்களும்.

நம்பிக்கை: உள்ளே கிடப்பது எக்ஸ்ரே போலத் திரையில் தெரியும்.

உண்மை: தெரியாது. கருவி ரேடியோ அலையை நிலத்துக்குள் அனுப்புகிறது. மண்ணின் மின் இயல்பு மாறும் இடத்தில் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. குழாய், வேர், உருண்டைக் கல் எதுவானாலும் திரையில் பெரும்பாலும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவுதான். செம்மணி போன்ற இடத்தில் மண் கலைந்திருக்கிறதா என்பதை ராடார் சுட்டலாம். அங்கே இருப்பது என்ன என்பதைத் தோண்டித்தான் அறிய வேண்டும்.

தங்கத்தையும் அது அடையாளம் காணாது. புதைந்த தகரத் துண்டும் பலமாகத்தான் எதிரொலிக்கும். புதையல் ஆசையில் ஸ்கானர் வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

நம்பிக்கை: கருவியை விற்பவர் பத்து மீற்றர் என்றால் பத்து மீற்றர் வரை பார்க்கும்.

உண்மை: கொழும்பில் காசு கரைவது இந்த இடத்தில்தான். ஆழத்தைத் தீர்மானிப்பதில் மண்ணுக்கே பெரும் பங்கு. துருவப் பனியில் ராடார் அலை கிலோமீற்றர் கணக்கில் இறங்கும், காய்ந்த மணலில் பல மீற்றர் போகும். ஈரக் களியில் ஒரு மீற்றரைத் தாண்டுவதே பாடு. உப்புநீர் ஊறிய மண்ணில் அலை அநேகமாக மேலேயே செத்துவிடும், ஏனென்றால் மின்சாரத்தைக் கடத்தும் மண் அலையின் சக்தியை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடுகிறது. அமெரிக்க மண் அளவீட்டாளர்கள் 1970களின் கடைசியில் புளோரிடாவில் இந்தக் கருவியால் நல்ல பலன் கண்டார்கள் என்றால், அங்கே பெரும்பகுதி மணல். வெள்ளவத்தையில் கடலோரம் மணல்தான், ஆனால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதில் கடலுப்பும் கலந்திருக்கலாம். கால்வாய்ப் பக்கம் போனால் சதுப்பும் களியும்.

மழையும் கணக்கைக் குழப்பும். காய்ந்த மணலில் அலை ஒரு நனோசெக்கனுக்கு ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஓடும், நீர் நிறைந்த மணலில் 6தான். காய்ந்த மணலுக்கென்று வைத்த கணக்கை மாற்றாமல் நீர் நிறைந்த மணலில் ஓட்டினால், ஒரு மீற்றரில் கிடக்கும் குழாய் இரண்டரை மீற்றரில் கிடப்பதாகத் திரை சொல்லும். அதை நம்பி பெக்கோவை இறக்கினால் குழாய் போய்விடும்.

நம்பிக்கை: ராடார் அறிக்கை இருந்தால் மண் பரிசோதனை தேவையில்லை.

உண்மை: மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ராடாருக்குத் தெரியாது. போர்ஹோல் அடிக்கும்போது 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, மண் மாதிரி எடுக்கும் குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுகிறார்கள். அத்திவாரக் கணக்கு அந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது.

ராடார் வீண் என்பதல்ல. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வீதியைக் கிண்டுமுன் அது நல்ல துணை. பழைய சுடுமண் குழாய், பிளாஸ்டிக் குழாய் எதுவும் உலோகம் தேடும் கருவிக்குப் பிடிபடாது. மண் இடம் கொடுத்தால் ராடாருக்குப் பிடிபடும். அதன் பிறகும் கையால் ஒரு குழி தோண்டிப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டுக்கு முற்பணம் கட்டப் போகிறவர்களே, கட்டுபவர் வண்ண வண்ணமாக ராடார் படத்தை நீட்டினால், போர்ஹோல் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.